மொட்டைமாடியில் ஒரு மீன் ஸ்டூடியோ!

கறுப்புப் பின்னணி. நடுவில் ஒரே ஒரு ஃபைட்டர் மீன். நீலத்தில் தொடங்கி விளிம்பில் சிவந்து முடியும் வால் முழுசாக விரிந்திருக்கிறது. செதில்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அப்படியொரு துல்லியம். ஒரு தூசி இல்லை, ஒரு பொட்டு இல்லை; மீன் தண்ணீரில்தான் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு படம் வந்தால் தள்ளிக்கொண்டே போகிற கட்டைவிரல் சட்டென்று நின்றுவிடும், இல்லையா? அந்தப் படங்கள் எடுக்கப்படுகிற இடத்துக்குள் நுழைய எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது! கொளத்தூரில் ஒரு மொட்டைமாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே ஒரு அறை. வாருங்கள், செருப்பைப் படியிலேயே விட்டுவிடுவோம். மேலே தரையெல்லாம் ஈரம்.

வண்ணமீன் என்றால் சென்னையில் கொளத்தூர்தான். தொட்டி ஒட்டித் தருகிற கடை, புழு விற்கிற கடை, கூழாங்கல்லும் பிளாஸ்டிக் செடியும் விற்கிற கடை என்று தெருவே மீனுக்காக இயங்குகிறது. வீட்டுக்குப் பின்னாலோ மாடியிலோ சிமென்ட் தொட்டி கட்டி மீன் வளர்க்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். நாம் வந்திருக்கிற வீட்டு அண்ணன் ஃபைட்டர் மட்டுமே வளர்ப்பவர். கோல்டு ஃபிஷ்ஷை ஜோடி இவ்வளவு என்று விற்றுவிடலாம். ஹாஃப்மூன் ஃபைட்டரை அப்படி விற்க முடியாது. ஒன்றின் நிறம் இன்னொன்றுக்கு வராது. வால் விரிகிற விதமும் வேறு. கோயம்புத்தூரில் இருந்து வாங்குகிறவர் “எனக்கு இந்த மீன்தான் வேண்டும்” என்று படத்தைப் பார்த்துத்தான் பணம் போடுவார். அதனால் ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியாகப் படம் எடுத்தாக வேண்டும்!

கதவைத் திறந்ததும் முகத்தில் அடிப்பது வெக்கை. அடுத்தது வாசம்: ஈரச் சிமென்ட், பாசி, கொஞ்சம் புழு. சுவரை ஒட்டிப் பலகை அடுக்குகள். அவற்றில் வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரே ஒரு ஆண் மீன். இரண்டு பாட்டில்களுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டு. எதற்கு என்று கேட்டால் அண்ணனின் மகள் முந்திக்கொள்கிறாள். “ஒண்ண ஒண்ணு பாத்துச்சுனா நாள் பூரா முறைச்சிக்கிட்டே இருக்கும் ஆன்ட்டி. சாப்பிடவே சாப்பிடாது.” ஆறாவது படிக்கிறாளாம். அட்டைகள் எல்லாம் அவளுடைய பழைய நோட்டுகளின் பின்னட்டைகள். ஒன்றில் வாய்ப்பாடு இன்னும் தெரிகிறது!

அறையின் நடுவில் இருக்கிறது நாம் பார்க்க வந்த அதிசயம். பெரிய ஸ்டூடியோவெல்லாம் இல்லை. ஒரு பழைய தையல் மிஷின் மேஜை, அதன் மேல் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. உள்ளங்கை நீளம், நான்கு விரல் அகலம், அவ்வளவுதான். பக்கத்துத் தெருவில் தொட்டி ஒட்டுகிறவரிடம் சொல்லிச் செய்தது. சாதாரண கண்ணாடியில் இரும்பு கலந்திருப்பதால் லேசாகப் பச்சை அடிக்கும். அதனால் முன்பக்கத்துக்கு மட்டும், இருப்பதிலேயே மெல்லியதாகவும் தெளிவாகவும் ஒரு துண்டைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். தொட்டிக்குப் பின்னால் கறுப்பு வெல்வெட். ரவிக்கைத் துணிக் கடையில் அரை மீட்டர் வாங்கியது. “கறுப்புன்னா எந்தக் கறுப்பும் சரிவராது அக்கா. காட்டன் வெளிச்சத்தைத் திருப்பி அடிச்சு சாம்பலாத் தெரியும். வெல்வெட் முழுங்கிடும்” என்கிறார் படம் எடுக்கிற தம்பி. முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்தில் இருப்பவர். முகூர்த்தம் இல்லாத நாளில் இங்கே. “மண்டபத்துல மாப்பிள்ளைய இந்தப் பக்கம் பாருங்கன்னா பார்ப்பார். இங்க மாப்பிள்ளை முதுகக் காட்டிட்டுப் போயிடுவார்!”

கேமராவைத் தொடும் முன்பே வேலை மலையாகக் கிடக்கிறது. முதலில் தண்ணீர். குழாயில் இருந்து நேராகப் பிடித்து ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழி ஒட்டிக்கொள்ளும். படத்தில் அத்தனையும் வெள்ளைப் புள்ளி. ஆகவே முந்தைய நாளே டிரம்மில் பிடித்து ஆறவிட்ட தண்ணீர். ஃபைட்டர் வளர்க்கிறவர்கள் பாட்டிலில் காய்ந்த பாதாம் இலை போடுவார்கள். மீனுக்கு அது நல்லது, ஆனால் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும். படம் எடுக்கும் தொட்டிக்கு அந்த நிறம் ஆகாது. அண்ணன் பாட்டில் தண்ணீரிலும் தொட்டித் தண்ணீரிலும் மாறி மாறி விரலை விட்டு, சூடு ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்க்கிறார். தெர்மாமீட்டர் கொக்கியில் தொங்குகிறது, அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். விரலுக்குப் பிறகுதான் அதற்கு மரியாதை!

அடுத்து, துடைப்பு. தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டியாயிற்று. தொட்டியின் உள்பக்கத்தை, காலாவதியான ஒரு ஏடிஎம் கார்டை வைத்து மேலிருந்து கீழாக வழிக்கிறார் தம்பி. வெளிப்பக்கத்துக்குப் பழைய வேட்டித் துணி. பிறகு மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கிறார். அடடா, நம் கண்ணுக்குச் சுத்தமாக இருந்த கண்ணாடியில் எத்தனை ரேகை, எத்தனை நூல் துணுக்கு! மறுபடி துடைப்பு, மறுபடி டார்ச். ஒரு தலைமுடியை விரல் நகத்தால் எடுத்துக் காட்டி, “இது படத்துல கயிறு மாதிரி வரும்” என்கிறார். இந்தத் துடைப்புக்குப் போகிற நேரத்தில் இரண்டு மீனைப் படம் எடுத்துவிடலாம். ஆனால் இதை விட்டால், பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக அழிக்க வேண்டும். அதை நினைத்துத்தான் மனிதர் இப்படித் துடைக்கிறார்.

“ஃபேன் ஆஃப்!” அவ்வளவுதான், அறையில் இருந்த கொஞ்சம் காற்றும் போயிற்று. ஃபேன் ஓடினால் வெல்வெட் ஆடுகிறது, தண்ணீரின் மேல்பரப்பு நெளிகிறது. “மோட்டார் ஆஃப்!” குஞ்சுத் தொட்டிகளுக்குக் காற்றுத் தள்ளிக்கொண்டிருந்த ஏர் மோட்டாரின் உறுமல் அடங்குகிறது. அதன் அதிர்வு தரை வழியாக மேஜைக்கு ஏறிவிடுமாம். இது கொஞ்ச நேரம்தான், குஞ்சுகள் தாங்கும் என்று அண்ணனே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஃபைட்டருக்கு அந்தக் கவலை இல்லை. தலைக்குள் இருக்கிற தனி உறுப்பின் உதவியால் மேலே வந்து காற்றை நேராகக் குடிக்கிற இனம் அது.

“அக்கா, அந்த மஞ்சள் துப்பட்டா...” தம்பி தயங்குகிறார். எட்டிப் பார்த்தால், தொட்டியின் கண்ணாடியில் என் துப்பட்டா மிதக்கிறது! அப்போதுதான் கவனித்தேன், அறையில் எல்லோரும் கறுப்பு. தம்பி கறுப்பு டிஷர்ட், அண்ணன் கறுப்பு பனியன், பாப்பாவுக்கு அவள் அப்பாவின் கறுப்புச் சட்டை முழங்கால் வரை. எனக்கு ஒரு கறுப்புத் துண்டைப் போர்த்திவிட்டார்கள். கூரை வெக்கையில் துண்டுக்குள் வியர்வை ஆறாக ஓடுகிறது. ஆனால் அந்த நிமிடத்தில் நானும் அந்தக் குழுவில் ஒருத்தி ஆகிவிட்டேன் என்கிற சந்தோஷம் இருக்கிறதே!

இனி வெளிச்சம். கல்யாணத்துக்குக் கொண்டுபோகிற ஃப்ளாஷ் இரண்டு. ஒன்று தொட்டிக்கு நேர் மேலே, கீழ்நோக்கி. அதன் முகத்தில் பட்டர் பேப்பர் ஒட்டியிருக்கிறது. இன்னொன்று பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி. தொட்டிக்கு அடியில் மீன் பெட்டியின் வெள்ளைத் தெர்மாகோல் மூடி. மேலிருந்து விழும் வெளிச்சத்தை வாங்கி மீனின் வயிற்றுக்குக் கொடுக்கிறது. கேமராவின் பக்கமிருந்து ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. முன்னாலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் கண்ணாடி அதை அப்படியே திருப்பி லென்ஸுக்குள் வீசிவிடும். மீனின் செதிலும் லேசுப்பட்டதில்லை. அதிலுள்ள நுண்ணிய படிகங்கள் வெளிச்சத்தை எகிறடிக்கும். அந்த இடம் வெறும் வெள்ளையாக வெந்துவிடும்.

“ஃப்ளாஷ் இல்லாம எடுத்தா என்ன ஆகும்?” என்று கேட்டேன். தம்பிக்குக் குஷி. ஃப்ளாஷை அணைத்து, ஒத்திகைக்காகத் தொட்டியில் விட்ட இன்னொரு மீனை அறையின் டியூப்லைட் வெளிச்சத்திலேயே ஒன்று எடுத்து, லேப்டாப்பில் போட்டுக் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகிறார். ஐஎஸ்ஓ 6400. கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பும் பச்சையுமாக மணல் தூவிக் கிடக்கிறது. செதில்களின் ஓரம் கரைந்து மொழுமொழுவென்று இருக்கிறது. வெளிச்சம் போதாதபோது கேமரா கிடைத்த கொஞ்சத்தையே பெருக்கிக் காட்டப் பார்க்கும். கூடவே இந்த இரைச்சலும் பெருகிவிடும். இப்போது ஃப்ளாஷ் இரண்டும் உயிர் பெறுகின்றன. ஐஎஸ்ஓ 200, அப்பர்ச்சர் எஃப் 11. அதே மீன், அதே கண். கண்மணியைச் சுற்றி ஒரு பொன் வளையம், அதற்கு வெளியே நீலப் பொடி தூவிய இன்னொரு வளையம்! கறுப்பு சுத்தக் கறுப்பு. குறைந்த பவரில் வைத்த ஃப்ளாஷ் நொடியில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு நேரமே மின்னும். அந்த நேரத்துக்குள் எந்த மீனும் நகர்ந்துவிட முடியாது. துடுப்பின் நுனி நரம்புகூட நின்று போஸ் கொடுத்த மாதிரி பதிகிறது. நான் வாய்விட்டே கத்திவிட்டேன். அண்ணனும் எட்டிப் பார்த்துவிட்டு, “என் மீனோட கண்ண நானே இப்பத்தான் இவ்ளோ கிட்டத்துல பாக்குறேன்” என்கிறார்.

எஃப் 22 வைத்தால் வால் முழுவதும் இன்னும் தெளிவாக இருக்காதா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அவ்வளவு சின்னத் துளை வழியே வெளிச்சம் சிதறி, மொத்தப் படமும் மங்கிவிடுகிறதாம். தொட்டியை ஏன் இவ்வளவு ஒடுக்கமாகச் செய்தார்கள் என்பது இங்கேதான் புரிகிறது. மீனால் முன்னும் பின்னும் போக முடியாது. போனாலும் நான்கு விரல் தூரம்தான். தம்பி ஃபோகஸைக் கையால் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, மீன் அந்த இடத்துக்கு வரும்வரை காத்திருக்கிறார். கேமரா கண்ணாடிக்கு நேருக்கு நேர். கொஞ்சம் சாய்த்தால் என்ன என்று அதையும் செய்து காட்டினார். தண்ணீரும் கண்ணாடியும் வெளிச்சத்தை ஆளுக்கொரு பக்கம் வளைக்க, வால் விளிம்பில் ஊதாவும் பச்சையும் கசிகின்றன. நிமிர்த்தியதும் எல்லாம் கச்சிதம்!

ஒத்திகை மீன் பாட்டிலுக்குத் திரும்ப, இப்போது கதாநாயகன் வருகிறான். வலை போட்டால் வால் கிழிந்துவிடும், அதனால் ஒரு டம்ளரால் முகந்து தொட்டிக்குள் மெதுவாகச் சாய்க்கிறார் அண்ணன். முந்தைய நாளில் இருந்து பையனுக்குச் சாப்பாடு இல்லை. படப்பிடிப்புக்கு நடுவே தண்ணீரை அசிங்கம் பண்ணக் கூடாதாம். வந்ததும் ஒரு மூலையில் போய் நிற்கிறான். துடுப்பெல்லாம் சுருங்கி, நிறம் மங்கி, “இதுக்கா இவ்வளவு ஏற்பாடு?” என்று கேட்கத் தோன்றுகிறது. யாரும் பேசவில்லை. யாரும் கண்ணாடியைத் தட்டவில்லை. தட்டினால் மீனின் உடம்பு முழுக்க அந்த அதிர்வு போய்ச் சேரும். மேஜையில் கை வைக்கவும் தடை. நிற்கிறோம், நிற்கிறோம், வியர்வை மூக்கு நுனியில் சொட்டுகிறது. மெல்ல மெல்ல நீலம் ஏறுகிறது!

“பாப்பா, கண்ணாடி.” அவள் பவுடர் டப்பா அளவுள்ள முகம் பார்க்கும் கண்ணாடியை, கேமராவுக்குத் தெரியாத பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கிறாள். இதில் அவளுக்குத்தான் கைராசி; அப்பாவே ஒத்துக்கொள்கிறார். மீன் தன்னையே பார்க்கிறது. எதிரி! செவுள் மூடி இரண்டும் தாடியாக விரிகின்றன. வால் திறக்கிறது... திறக்கிறது... பட்டுப்புடவைக் கொசுவத்தை நீவி விரித்தது போல மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, கடைசியில் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. 180 டிகிரி. ஹாஃப்மூன் என்ற பட்டத்துக்கு இந்த அரைவட்டம்தான் அடையாளம்! பளிச். தம்பி உடனே அடுத்ததை அடிப்பதில்லை. மீனுக்கு இமை கிடையாது, கண்ணை மூடிக்கொள்ள அதற்கு வழியில்லை என்பதால் இடைவெளி விடுகிறார். மறுபடி பளிச்.

“ஐயோ!” மூன்று குரலும் ஒன்றாக. ஒரு நாள் பட்டினியையும் மீறி, கதாநாயகன் தன் வேலையைக் காட்டிவிட்டான்! வாலுக்குக் கீழே ஒரு மெல்லிய நூல் தொங்குகிறது. பாப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். தம்பி இங்க் ஃபில்லரை எடுத்துத் தொட்டி அடியில் இருந்து அதை உறிஞ்சி எடுக்கிறார். கல்யாணத்தில் எவ்வளவு பொறுமை கற்றிருப்பார் பாருங்கள். கண்ணாடியை எடுத்துவிட்டு மீனுக்குக் கொஞ்சம் ஓய்வு. விடாமல் முறைக்க வைத்தால் களைத்துப் போய்விடும், விரைப்பில் வாலைத் தானே கிழித்துக்கொள்வதும் உண்டு என்று அண்ணன் இதில் மட்டும் கறார். “படம் போனா போகட்டும் தம்பி. மீன் முக்கியம்.” அதை அவர் சொன்ன வேகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மோட்டாரும் ஃபேனும் மறுபடி ஓட, பாப்பாவின் ஆயா தட்டில் டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் கொண்டுவருகிறார். “எண்ணெக் கையோட எதையும் தொடாதீங்க” என்று அவரே எச்சரிக்கிறார். அத்தனை பழகிவிட்டது இந்த வீட்டுக்கு. டீயோடு பேச்சு தாய்லாந்துக்குப் போகிறது. ஃபைட்டரின் தாயகங்களில் ஒன்று அது. 2019-ல் இந்த மீனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தார்கள். அந்த ஊர்ப் புகைப்படக்காரர் விசாருத் அங்கட்டவனிச் எடுத்த ஃபைட்டர் படங்கள்தான் தம்பிக்குப் பாடப்புத்தகம். தண்ணீரே இல்லாமல் அந்தரத்தில் தொங்கும் நடனக்காரர்களாக மீன்களைக் காட்டியவர் அவர். அடுத்து ஜப்பானின் தகாஷி அமானோ. தொட்டிக்குள் காடும் மலையும் வளர்த்து, அதைத் தானே படமும் எடுத்தவர். 2015-ல் அவர் காலமான அதே ஆண்டில்தான் லிஸ்பன் மீன் காட்சியகத்தில் அவர் அமைத்த 40 மீட்டர் நீளத் தொட்டி திறக்கப்பட்டது. அந்தப் பாணித் தொட்டிகளைப் படம் எடுப்பவர்கள் மேலே ஹேர் டிரையரைப் பிடித்து ஊதி, தண்ணீரின் மேல்பரப்பில் சிற்றலை எழுப்புவார்கள் என்று தம்பி சொன்னதும் பாப்பா துள்ளி எழுகிறாள். “அம்மாகிட்ட இருக்கு! எடுத்துட்டு வரவா?” கீழேயிருந்து அண்ணியின் குரல்: “அதத் தொட்ட, கால் ஒடையும்!”

வீட்டில் பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்காகவும் ஒரு ரகசியம் கேட்டு வாங்கினேன். கீழ்த்தளத்தில் நான்கு அடித் தொட்டி ஒன்று, நியான் டெட்ரா கூட்டம். தம்பி லென்ஸ் முனையில் ரப்பர் ஹுட் மாட்டி, அதைக் கண்ணாடியோடு ஒட்டி வைக்கிறார். இடைவெளி இல்லை, ஆகவே பிரதிபலிப்பும் இல்லை. அறை விளக்கை அணைத்து, தொட்டி மேல் மட்டும் வெளிச்சம். ரப்பர் ஹுட் இல்லையென்றால் மொபைலைச் சுற்றிக் கறுப்புத் துணியைப் பிடித்தாலும் போதுமாம். பின்னாலுள்ள மீனைத் துரத்தாமல் முன் கண்ணாடிக்கு அருகில் வருபவற்றை மட்டும் எடுக்க வேண்டும். நடுவில் தண்ணீர் கூடக் கூட மங்கலும் கூடும். விளக்கைப் போட்டதும் மீன்கள் வெளிறித் தெரிந்தால் அவசரப்படாமல் காத்திருக்கச் சொல்கிறார். இருட்டில் நியானின் நீலக் கோடு மங்கிப்போய், வெளிச்சத்தில் திரும்ப ஏறும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது!

மாடிக்குத் திரும்பி, கடைசிச் சுற்று. கதாநாயகன் இந்தமுறை கண்ணாடியைப் பார்த்ததும் விரிகிறான், பக்கவாட்டில் நேராக நிற்கிறான், கண் ஃபோகஸுக்குள் வருகிறது. பளிச்! தம்பி திரையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கேமராவை அண்ணனிடம் நீட்டுகிறார். அண்ணன் பார்க்கிறார். ஆயாவும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்க்கிறார். “இத ஊருக்கெல்லாம் அனுப்பாதடா, கண்ணு பட்டுடும்.”

லேப்டாப்பில் கழித்தல் நடக்கிறது. துடுப்பு மடிந்தது, அழி. காற்றுக் குடிக்க மேலே போனது, அழி. செவுள் தெளிவு, கண் மங்கல், அழி. குவியலாக எடுத்ததில் மிஞ்சுவது ஒரு கை விரல்களுக்குள். நிறத்தைக் கூட்டுகிற பட்டனை மட்டும் தம்பி தொடுவதே இல்லை. பார்சலைப் பிரிக்கிறவர் கையில் இருக்கிற மீனையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். படத்தில் கூடுதலாக நீலம் போட்டால் அண்ணனின் பேர் கெடும். வெளிச்சம் சரியாக இருந்தால் எதையும் கூட்ட வேண்டிய தேவையும் இல்லை. இந்த நேர்மைக்காகவே இந்த அறையை எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

படம் போகிறது. இரண்டு நீல டிக். “அண்ணா, இது எனக்கு. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க!” என்று கோயம்புத்தூரில் இருந்து பதில். அண்ணன் பாட்டிலில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி “கோவை” என்று எழுதுகிறார். மீனை அனுப்புவது இரண்டு நாள் கழித்துத்தான்; அதுவரை நன்றாகத் தேற வேண்டும். பாப்பா ஏற்கெனவே ஃபில்லரில் உயிரோடு நெளியும் ஆர்ட்டிமியா இரையை உறிஞ்சித் தயாராக நிற்கிறாள். பட்டினி கிடந்த கதாநாயகன் ஒவ்வொன்றாகப் பாய்ந்து பாய்ந்து கொத்துகிறான். மேலே எகிறிய வேகத்தில் தண்ணீர் அவள் மூக்கில் தெறிக்கிறது. “மூடியப் போடு, குதிச்சிடப் போறான்!” என்று அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் தம்பி மறுபடி ஏடிஎம் கார்டை எடுத்துவிட்டார். அடுத்த பாட்டிலில் பிளகட் ரகத்தில் ஒரு வெள்ளை ஃபைட்டர், இன்னும் முறைக்க ஆரம்பிக்கவில்லை. “ஃபேன் ஆஃப்!”